புத்தி போதாதவள்

பாலக்காட்டில் நான் வரலாறு நடத்துகிற கல்லூரியில் ஒவ்வொரு வருடமும் அந்தச் சொல் வரும். ‘ஃபீபிள்மைண்டட்’. புத்தி போதாதவர்கள் என்று அர்த்தம். நூறு வருடத்துக்கு முன்பு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அது வசவு இல்லை, டாக்டர்கள் எழுதிய வார்த்தை. எழுத்துக் கூட்டத் தெரியாதவள், ஏழை, கல்யாணமாகாமல் பிள்ளை பெற்றவள் என்று கண்டவர்களையும் அதற்குள் அடைத்தார்கள். இவர்கள் பெருகினால் இனமே கெட்டுவிடும் என்று விடுதிகளில் பூட்டினார்கள். அமெரிக்காவில் பல மாநிலங்கள் சட்டம் போட்டே கட்டாயக் கருத்தடை ஆபரேஷன் செய்தன. இதை நடத்தும்போது எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். வாய் கிழியப் பேசுவேன்.

போன மழைக்காலத்தில் பள்ளிவாசல் தேயிலை எஸ்டேட்டில் இருந்து அம்மா போன் செய்தாள். தங்கச்சிக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்றாள், பல் பிடுங்குவதைச் சொல்வதுபோல.

தங்கச்சிக்கு இருபத்திரண்டு வயது. ஐந்து வயதுப் பிள்ளையின் பேச்சு. அப்பா இல்லை. அம்மா கொழுந்து எடுக்கப் போகும்போது லயத்து வீட்டில் அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவாள். மறுநாளே பஸ் ஏறிப் போய், பாடத்தை அப்படியே அம்மாவிடம் ஒப்பித்தேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

“போன வாரம் பூட்டு ஒடஞ்சு கெடந்துச்சு. இவ கையில முட்டாய். யாரு குடுத்தான்னு கேட்டா சிரிக்கா.”

“கர்ப்பப்பைய எடுத்துட்டா அவன் வராம இருப்பானாம்மா?”

“வருவான். புள்ள வராதுல்ல?”

போலீஸ் என்றேன். “யாரு மேலன்னு எழுதிக் குடுப்ப?” என்றாள். பிறகு கத்தியைக் கீழே வைத்தாள். “சரி, நீ கூட்டிட்டுப் போயி வச்சுக்கிடுதியா?”

என் வீடு இரண்டே அறை. மாமியார் படுத்த படுக்கையாக இருக்கிறார். காலையில் நானும் கணவரும் வேலைக்குக் கிளம்பிவிடுவோம். அங்கேயும் அவளைப் பூட்டத்தான் வேண்டும். இதெல்லாம் உண்மை. எனக்கு மனம் வரவில்லை என்பதும் உண்மை. உபதேசமெல்லாம் ஊருக்குத்தான். அம்மா மறுபடி வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் படிவம் மலையாளத்தில் இருந்தது. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது, நான்தான் வாசித்துச் சொன்னேன். நோயாளியின் நிலை என்ற இடத்தில், புத்தி வளராதவள் என்று எழுதியிருந்தார்கள். அம்மா கைநாட்டு வைத்தாள். சாட்சிக்கு நான் கையெழுத்துப் போட்டேன். தங்கச்சியிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்தாள். வயிற்றில் போட்டிருந்த கட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

“அக்கா, இங்கன என்ன?”

“கட்டி. எடுத்தாச்சு.”

அந்தக் காலத்து டாக்டர்களும் சில பெண்களிடம் வேறு ஏதோ ஆபரேஷன் என்று சொல்லித்தான் அறுத்தார்கள். அது தெரிந்துதான் சொன்னேன்.

அவளுக்கு ஒரே சந்தோஷம். பக்கத்துக் கட்டிலில் தூங்கிய நோயாளிப் பெண்ணைத் தட்டி எழுப்பினாள்.

“எனக்குக் கட்டி! எங்க அக்கா சொல்லிச்சு. அக்கா டீச்சரு, அதுக்கு எல்லாம் தெரியும்.”