நான் வரைந்த பட்டை

எங்கள் குடியிருப்பு லிஃப்டில் நான் வடிவமைத்த பாகத்தைப் பொருத்திய நாளிலிருந்து, மகளைத் தூக்கிக்கொண்டு நான்கு மாடியும் படியேறினேன்.

"ஊருக்கெல்லாம் லிஃப்டு சாமான் செய்யுறவ, தான் செஞ்சதுல ஏற மாட்டேங்குறா" என்று மாமியார் சிரிப்பார்.

லிஃப்ட் கூண்டு ஆடாமல் தண்டவாளத்தைப் பற்றி ஓட உதவும் பாகம் அது. உள்ளிருக்கும் பிளாஸ்டிக் பட்டை தேய்ந்தால், முன்பெல்லாம் முழுவதையும் கழற்ற வேண்டும். ஒரு கிளிப்பை எடுத்தாலே பட்டை உருவி வரும்படி நான் வரைந்திருந்தேன். இவ்வளவு எளிதாகக் கழல்வது, ஓட்டத்தில் தானாகவே கழன்றுவிட்டால்?

போன மாதம் பட்டை மாற்ற மெக்கானிக் வந்தார். மேல்மாடிக் கதவைத் திறந்து கூண்டின்மேல் இறங்கினார். மகளோடு தள்ளி நின்று பார்த்தேன். அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

"அம்புட்டுத்தானாண்ணே?"

"அம்புட்டுத்தேன். இந்தாங்க பழசு."

வாங்கித் தடவினேன். மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகத் தேய்ந்திருந்தது. கொஞ்சம் நகர்ந்திருந்தாலும் ஓர் ஓரம் மட்டும் தேய்ந்திருக்கும். பள்ளிப் பைகள், கேஸ் சிலிண்டர்கள், பிரசவத்துக்குப் போன எதிர்வீட்டுப் பெண் என அத்தனையையும் லிஃப்ட் சுமந்தபோதும் இந்தப் பட்டை அசையவே இல்லை. கணினித் திரையில் நான் இழுத்த கோடுகள்தான் இது.

"வெள்ளோட்டம் பாக்கணும். ஏறுறீகளாக்கா?"

மகளோடு ஏறினேன். கதவு மூடியது. சத்தமே இல்லை.

"அம்மா, லிஃப்டு போகுதா, நிக்கிதா?" என்றாள்.

"போகுது தங்கம்" என்றேன். அவள் கையை இறுகப் பிடித்திருந்தது நான்தான்.