மஞ்சள் காரும் ஒரு ஜோடி ஷூவும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஆம்பூர் பஸ் நிலையத்தில் வேலூர் வண்டிக்காக நின்றோம், நானும் என் வீட்டுக்காரர் ஏழுமலையும். அவர் கையில் ஒரு துணிப்பை, அதற்குள் புது ஷூ. ஷூ தைத்தே சோறு தின்கிற ஊர் எங்கள் ஊர். ஷூ கம்பெனி பஸ்ஸைத்தான் பதினெட்டு வருஷமாக ஓட்டுகிறார். ஆனால் இந்த மனுஷன் இன்றுவரை ஷூ போட்டதே கிடையாது. வண்டியில் ஏறினால் செருப்பைக் கழற்றி சீட்டுக்கடியில் தள்ளிவிட்டு வெறுங்காலால்தான் ஓட்டுவார். எங்கள் பக்கத்து டிரைவர்கள் பாதிப் பேர் அப்படித்தான். வெறுங்கால் பட்டால்தான் பெடல் பிடிபடும் என்பார்கள்.

எங்கே போகிறோம் என்று சொல்லிவிடுகிறேன். கலவை என்கிற ஊருக்குப் பக்கத்தில் தனியார் கார் பந்தயப் பாதை ஒன்று போட்டிருக்கிறார்கள். சென்னையிலிருந்து வருகிற வசதியானவர்களுக்கு அங்கே வேகமான கார் ஓட்டச் சொல்லித்தருகிறார்கள். என் தம்பி குமரேசன் வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு கார் ஷோரூமில் வேலை பார்க்கிறான். அவனுக்கு இலவச பாஸ் ஒன்று கிடைத்தது. "மாமா ஓட்டட்டும்க்கா, ஆசப்படுவாரு" என்று கொடுத்துவிட்டான்.

எனக்கு அதில் கொஞ்சமும் சந்தோஷம் இல்லை. இவருக்குச் சர்க்கரை வந்து பத்து வருஷம் ஆகிறது. கொஞ்ச நாளாகக் காலிலிருந்து செருப்பு நழுவி விழுந்தால்கூட இவருக்குத் தெரிவதில்லை. பாதம் மரத்துப்போச்சா என்று கேட்டால், "உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று எரிந்து விழுவார். இவர் பஸ்ஸில் தினமும் ஐம்பது பொம்பளைங்க ஊர் ஊராக ஏறிக் கம்பெனிக்கு வருகிறோம். நானும் அதில் ஒருத்தி, செக்கிங் பிரிவில் வேலை. வண்டி ஒவ்வொரு தடவை பிரேக் போடும்போதும் முன் சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்வேன். இந்தப் பயத்தை யாரிடம் போய்ச் சொல்வேன்?

சண்டை போட்டுப் போட்டு, கடைசியில் அவரே ஒரு பேச்சுக்கு வந்தார். "அந்தக் கார ஒழுங்கா ஓட்டிட்டன்னா, நீ என் காலப் பத்தி வாயத் தொறக்கக் கூடாது. ஓட்டலன்னா நீ சொல்ற டாக்டருகிட்ட வர்றேன். அவரு வேணாம்னா வண்டி ஓட்டறதயே வுட்டுர்றேன்."

வேலூர் ஐம்பது கிலோமீட்டர். டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து, அந்த ஆள் போட்ட ஒவ்வொரு கியருக்கும் இவர் உச்சுக் கொட்டிக்கொண்டே வந்தார். மாதனூர், பள்ளிகொண்டா. வானம் மூடிக்கிடந்தது, மழையும் வரவில்லை. பாலாற்றில் மணலைவிடச் சீமைக்கருவேலம்தான் ஜாஸ்தி. வேலூரில் வண்டி மாறினோம். மேல்விஷாரம் தாண்டும்போது தோல் நாற்றம் ஜன்னல் வழியாக வந்தது. பக்கத்தில் இருந்த அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டார். எங்களுக்கு அது வீட்டு வாசனை. ஆற்காட்டில் இன்னொரு பஸ், அங்கிருந்து இருபது கிலோமீட்டர்போல. கலவைக்கு முன்னாலேயே இறங்கி ஆட்டோ பிடித்தோம்.

"அங்க இன்னாங்க வேலை உங்களுக்கு? சமையலா?" என்றார் ஆட்டோக்காரர்.

"கார் ஓட்டப் போறேன்" என்றார் இவர், நெஞ்சை நிமிர்த்தி. ஆட்டோக்காரர் சிரித்த சிரிப்பு எனக்கே பிடிக்கவில்லை.

ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தோம். சுற்றிலும் கடலைக்காடு, நடுவில் கறுப்பாக வளைந்து கிடக்கிற தார்ப்பாதை, ஓரமாக ஒரு தகரக் கொட்டகை. காப்பி அறுபது ரூபாய். ஆம்பூரில் அதே காப்பி பதினைந்துதான், அதுவும் சூடாக இருக்கும். மஞ்சள் கார் கொட்டகைக்கு முன்னால் நின்றது. உயரம் என் இடுப்பளவுகூட இல்லை. இரண்டே சீட்டு. இவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். கல்யாணத்தன்று என்னைக்கூட அப்படிப் பார்க்கவில்லை.

பயிற்சியாளர் முப்பது வயதுக்குள் இருக்கிற தம்பி, நல்ல மரியாதை. "சார், ஷூ கண்டிப்பா போடணும். வெறுங்காலோட ஓட்ட விட மாட்டோம்."

இவர் ஷூவை எடுத்தார். கம்பெனி லோடிங் பிரிவில் இருக்கிற தோஸ்த் ஒருத்தர் கொடுத்தது. கம்பெனியில் ஒவ்வொரு ஜோடியும் ஊசி, ஆணி தேடுகிற மெஷினுக்குள் போய் வந்துதான் பெட்டிக்குள் போகும். நிறம் சரியில்லை என்று முன்கூட்டியே ஓரங்கட்டினதுக்கு அந்த மெஷின் கிடையாது. இது அப்படி ஓரங்கட்டின ஜோடி. "குடுங்க, கைய உள்ள வுட்டுப் பாத்துட்டுத் தர்றேன்" என்றேன். "இங்கயும் வந்து செக்கிங்கா? நேரமாவுது" என்று சாக்ஸை மாட்டி, காலை நுழைத்து ஷூ லேஸைக் கட்டிவிட்டார். அதோடு கொட்டகைக்கும் பாதைக்கும் நாலு தடவை நடந்தார்.

உள்ளதைச் சொல்லணும், முதல் சுற்று அருமையாக ஓட்டினார். வளைவுகளில் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. பக்கத்து சீட்டில் இருந்த பயிற்சியாளர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தோற்றுப்போகட்டும் என்று வேண்டிக்கொண்டு வந்தவள், ஜெயிக்கட்டும் என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

அடுத்தது பிரேக் பயிற்சி. வேகமாக வந்து, வரிசையாக வைத்த ஆரஞ்சுக் கூம்புகளுக்கு முன்னால் நிறுத்தணும். வண்டி வந்தது. உறுமலும் குறையவில்லை, வேகமும் குறையவில்லை. கூம்புகள் நாலா பக்கமும் பறந்தன. வண்டி தாண்டிப் போய்ப் புல்லில் நின்றது. பறந்த கூம்புகளில் எனக்கு ஐம்பது முகம் தெரிந்தது. ஓடினேன்.

"சார், பிரேக்கோட சேர்த்து ஆக்ஸிலரேட்டரையும் மிதிச்சிட்டீங்க. கால் எங்க இருந்துச்சுன்னு தெரியலையா?" பயிற்சியாளர் மெதுவாகத்தான் கேட்டார்.

"ஷூதான் தம்பி, சனியன். இதப் போட்டுகினு எவனுக்குத் தெரியும்? வெறுங்கால்ல வுடு, ஒரே ஒரு தடவ. கோட்டு மேல நிறுத்திக் காட்டுறேன்."

கார் கதவைத் திறந்து, காலை வெளியே போட்டு உட்கார்ந்து ஷூவை இழுத்துக் கழற்றினார். வலது கால் சாக்ஸின் அடிப்பக்கம் முழுக்க ரத்தம்.

பயிற்சியாளர்தான் முதலில் பார்த்தார். "ஐயோ சார், கால்ல இன்னா?" நான் ஷூவுக்குள் கையை விட்டேன். ஷூவின் உள் அட்டை நகராமல் பிடிக்க அடித்து, தைத்து முடித்ததும் பிடுங்க வேண்டிய குட்டி ஆணி, பிடுங்கப்படாமல் நிமிர்ந்து நின்றது. ஷூவை மாட்டினதிலிருந்து அதன் மேல்தான் நடந்திருக்கிறார். அது குத்தின காலால்தான் பெடலை மிதித்திருக்கிறார்.

இவர் ரத்தத்தையே பார்த்தார். "வலிக்கலயே" என்றார். அவ்வளவுதான்.

முதலுதவிப் பெட்டியில் இருந்ததை வைத்துக் கழுவிக் கட்டுப்போட்டார்கள். ஷூவை அங்கேயே குப்பையில் போட்டோம். செருப்பை மாட்டிக்கொண்டு, அந்த மஞ்சள் காரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியே வந்தார்.

வேலூரில் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். "நாளைக்கு ஷிப்டு முடிச்சிட்டு வர்றேன்" என்றார். நாளைக்கு ஷிப்டு என்றால் விடியற்காலையில் பஸ்ஸை எடுப்பார், ஐம்பது பேரும் ஏறுவார்கள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "பேச்சு பேச்சாத்தான் இருக்கணும்" என்றேன். இந்தத் தடவை அவர் பஸ்ஸில் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தார். டிரைவர் கியர் போட்டதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. பள்ளிகொண்டா வரைக்கும் நான் அழுதுகொண்டே வந்தேன்.

ஆம்பூரில் இறங்கும்போது நாலரை மணி. அவர் முன்னால் நடந்தார், நான் பையோடு பின்னால்.

"அண்ணே, செருப்பு! செருப்பு வுட்டுட்டுப் போறீங்க!" என்று கண்டக்டர் படியில் நின்று கத்தினார்.

நின்றார். காலையில் என்றால் கண்டக்டரைக் கடித்துக் குதறியிருப்பார். இப்போது குனிந்தார். முதலில் இடது காலைப் பார்த்தார், பிறகு வலது காலைப் பார்த்தார். அப்படிப் பார்த்துத்தான் எந்தக் காலில் செருப்பு இல்லை என்று அவருக்குத் தெரிந்தது.

நான் போய் எடுத்துவந்து காலடியில் போட்டேன். அவர் அதை மாட்டவில்லை. செல்போனை எடுத்து கம்பெனி வண்டிகளைப் பார்த்துக்கொள்கிற மேனேஜரைக் கூப்பிட்டார்.

"சார், ஏழுமலை பேசுறேன். நாளைக்கு வண்டிக்கு வேற ஆளப் போடுங்க."

"ஒரு நாளைக்கு மட்டும்தானே?" என்று அந்தப் பக்கம் கேட்டது எனக்கே காதில் விழுந்தது.

அவர் என்னைப் பார்த்தார்.

"இல்ல சார்" என்றார்.