டியூவுக்காகப் போட்ட கையெழுத்து

கோடை சீசன். கோவையில் நான் வேலை பார்த்த பம்ப் கம்பெனியில் மூச்சுவிட நேரமில்லை. ஒவ்வொரு மோட்டாரையும் தண்ணீரில் இறக்கி, லோடு கொடுத்து ஓட்டிப் பார்த்துத்தான் டெஸ்ட் சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அதுதான் என் வேலை. அன்று முதலாளி ஒரு லாட் மோட்டார் முழுவதையும் ஓட்டாமலே அனுப்பச் சொன்னார்.

"டெஸ்ட் பண்ணாம எப்படிங்க சார்?" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. யாரையும் அவர் வாங்க போங்க என்றுதான் பேசுவார்.

"தம்பி, இந்த மாசம் கார் டியூ கட்டிப்போட்டீங்களா?"

பெண் பார்க்கப் போனால் மாப்பிள்ளை எதில் வந்து இறங்குகிறான் என்று பார்ப்பார்கள் என வீட்டில் சொன்னார்கள். நானும் கெத்தாக ஒரு கார் வாங்கியிருந்தேன். பாதிச் சம்பளம் டியூவுக்கே போனது. கடனுக்கு ஜாமீன் போட்டவர் இந்த முதலாளிதான். அந்த லாட்டின் சர்டிபிகேட் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டேன்.

சில நாளில் பொள்ளாச்சிப் பக்கத்து விவசாயி ஒருவர் மோட்டாரை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க, எறக்குன மூணாம் நாளே நின்னு போச்சுங்க. இப்பத்தான் தென்னம்புள்ள வெச்சிருக்கறனுங்க, தண்ணியில்லாம வாடுதுங்க. நீங்க ஓட்டிப் பாத்துத்தானுங்களே அனுப்புனீங்க?"

முதலாளியின் அறைக் கதவு திறந்திருந்தது.

"ஆமாங்க" என்றேன்.

"அப்ப எங்க தோட்டத்துக் கரண்டுலதான் கோளாறாட்டிருக்குதுங்க. உங்களத் தொந்தரவு பண்ணிப்போட்டனுங்க, மனசுல வெச்சுக்காதீங்க. திரும்ப எறக்கற கூலிய நானே பாத்துக்கறனுங்க."

மோட்டாருக்குள் இருக்கும் வைண்டிங் கம்பிச் சுருளை மாற்றிக் கொடுத்தோம். கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

இப்போது, முதல் சம்பளம் வாங்கும் இன்ஜினியர்கள் எதில் முதலீடு செய்யலாம் என்று என்னிடம் கேட்கிறார்கள். மாதாமாதம் ஃபண்டில் போடும் எஸ்.ஐ.பி. எல்லாம் அப்புறம். முதலில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் சேருங்கள். அதுவரை டியூவில் எதையும் வாங்காதீர்கள். அந்தச் சேமிப்பு ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஆகும் என்று எல்லோரும் சொல்வார்கள். "முடியாதுங்க சார்" என்று சொல்லிவிட்டு, வேலையை விட்டு வீட்டுக்குப் போவதற்கும் அந்தப் பணம் வேண்டும். என்னிடம் அது இருந்திருந்தால், நான் ஏமாற்றிய மனிதர் என்னிடமே மன்னிப்புக் கேட்டிருக்க மாட்டார்.