சந்தனம் வைத்த பாலம்

ஆறாம் வகுப்பில் எனக்குத் தெரிந்த பாலங்கள் நான்கு வகை. பலகைப் பாலம்: இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே ஸ்கேலை வைத்து அழுத்தினால் நடுவில் தொய்யுமே, அது. வளைவுப் பாலம்: பாரத்தைப் பக்கவாட்டில் தள்ளிக் கால்களில் இறக்கிவிடும், கால் நகர்ந்தால் கதை முடிந்தது. தொங்கு பாலம்: துணி காயப்போடும் கொடி மாதிரி, எல்லாமே இழுவையில் நிற்கும். நான்காவது முக்கோணச் சட்டப் பாலம். சதுரத்தின் மூலையைத் தள்ளினால் சாய்ந்துவிடும், முக்கோணம் சாயாது. சேக்காட்டில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் இந்த நான்கையும் விளக்காமல் அனுப்ப மாட்டேன். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர்கூடத் தப்பவில்லை.

இதற்குக் காரணம் இருந்தது. முந்தைய வருடம் பள்ளியில் நடந்த பாலம் கட்டும் போட்டியில் நான் செய்தது பலகைப் பாலம். சார் அதன் நடுவில் வாளியை மாட்டினார். ஒரு கல்கூடப் போடவில்லை, பாலம் இரண்டாகிவிட்டது. அன்றிலிருந்து வகுப்பில் என் பெயர் 'காலி வாளி'. இந்த முறை வாளி நிறைய ஜல்லியைத் தாங்காவிட்டால் ஏழாம் வகுப்பிலும் அதே பெயர்தான்.

எனவே ஐஸ் குச்சிகளை வெள்ளைப் பசையால் முக்கோணம் முக்கோணமாக ஒட்டி, ஆயுத பூஜைக்கு முன்பே சட்டப் பாலத்தை முடித்துவிட்டேன். விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் அன்று போட்டி.

அப்பாவின் அக்கா, என் அத்தை, எங்களோடுதான் இருந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் துணி தைக்கும் கம்பெனியில் வேலை. ஆயுத பூஜையன்று சந்தனக் கிண்ணத்தை எடுத்துவிட்டால் அவர் எதையும் விட்டுவைக்க மாட்டார். மிக்சி, அடுப்பு, அப்பாவின் வண்டி, டிவி ரிமோட், என் ஜாமெட்ரி பாக்ஸ் எல்லாவற்றுக்கும் பொட்டு விழுந்தது. பிறகு பாலத்திடம் வந்தார்.

"இன்னாக்கா, பாலத்துக்குமா?" என்றார் அப்பா.

"உன் வண்டிக்கு வெச்சேன்ல. பாலம் இன்னா பாவம் பண்ணுச்சு?"

குச்சிகள் சேரும் இடங்களில்தான் பொட்டு அழகாக இருக்கும் என்று அத்தைக்குத் தோன்றியிருக்கிறது. ஒரு இணைப்பு விடாமல் குழைத்த சந்தனத்தை அப்பினார். மேலே மஞ்சள் தண்ணீரும் தெளித்தார். பூஜையில் வைத்ததை மறுநாள் சாமி கும்பிட்ட பிறகுதான் தொடலாம் என்பது வீட்டுச் சட்டம். பாலம் இரவெல்லாம் ஈரத்தில் ஊறியது.

மறுநாள் எடுத்தபோது காய்ந்திருந்த பசை கஞ்சி மாதிரி வெளுத்திருந்தது. ஒரு குச்சியைத் தொட்டேன், நழுவியது.

"இன்னா அத்தை பண்ணி வெச்சிருக்க?" என்று நான் உட்கார்ந்து அழுதேன். வெளியே மழை. புதிதாக ஒட்டினால் மறுநாள் காலைப் போட்டிக்குள் காயாது.

அத்தை ஒரு குச்சியை ஆட்டிப் பார்த்தார். பிறகு பூ கட்டும் நூலை எடுத்து வந்தார். "அழுவாத கண்ணு. வழுக்கினு போற மல்லியையே கட்டிக்கினு கீறேன். குச்சி நிக்காதா?"

மாலை முழுக்கக் கட்டினோம். நான் குச்சியைப் பிடிக்க, அத்தை இரண்டு சுற்றுச் சுற்றி, விரலால் ஒரு வளையம் போட்டு இழுப்பார். அவசரத்தில் ஒரு முடிச்சில் மல்லிகைப்பூ ஒன்றும் மாட்டிக்கொண்டது. யாரும் கவனிக்கவில்லை.

வகுப்பில் கவனித்தார்கள். "இன்னா காலி வாளி, பாலத்துக்கு வளைகாப்பா?" என்றான் பின்பெஞ்சுக்காரன். சாரே சிரித்துவிட்டார்.

எனக்கு முன்னால் வந்த பாலங்கள் எல்லாம் பசையால் ஒட்டியவை. பாதி வாளி வரை அசையாமல் நின்றன. பிறகு ஒவ்வொன்றிலும் திடீரென 'டப்' என்று ஓர் இணைப்பு விட்டது, மொத்தமும் விழுந்தது. என் பாலம் முதல் கல்லுக்கே முனகியது. பாதி வாளிக்குத் தொய்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். முடிச்சுகள் ஒவ்வொன்றாக நறநறத்து நகர்ந்து, எங்கோ ஒரு நிலையில் அமைவது காதில் கேட்டது. கண்ணைத் திறந்தபோது சார் கையில் ஒரு கல்லோடு நின்றுகொண்டிருந்தார். வாளியில் அதற்கு இடமில்லை.

அன்று சாயங்காலம் அத்தை தெரு முழுக்கச் சொன்னார். "நான் சந்தனம் வெச்சேன், நின்னுச்சு." எனக்குக் கோபமான கோபம். தாங்கியது நூல், கெடுத்தது சந்தனம் என்று பின்னாலேயே போய் வீடு வீடாக மறுத்தேன். "சரி கண்ணு, நூலுதான்" என்பார். அடுத்த வீட்டில் மறுபடி சந்தனத்திலிருந்து ஆரம்பிப்பார்.

பொறியியல் கல்லூரியில் சட்டப் பாலத்துக்கான முதல் பாடத்தில், இணைப்புகள் இறுகிப்போகாமல் கீல் போலத் திரும்பக்கூடியவை என்று வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். எனக்கு மல்லிகை வாசனை வந்தது. சிரித்ததற்கு வகுப்பில் முறைத்தார்கள். பசை மட்டும் இருந்திருந்தால் என் பாலமும் 'டப்'தான். சந்தனம் இல்லாவிட்டால் பசை இளகியிருக்காது. பசை இளகாவிட்டால் நூல் வந்திருக்காது. நூல் வராவிட்டால் நான் இன்னொரு வருடம் காலி வாளி. நான்கு வகைப் பாலத்தையும் ஊருக்கே விளக்கிய எனக்கு, தெருவில் அத்தை சொல்லிக்கொண்டு போனது சரிதான் என்பது மட்டும் அன்று விளங்கவில்லை.