எச்சில் குறடு

செஞ்சியில் வேர்க்கடலை மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தபோது என் கடைவாய்ப்பல் சொத்தையானது. படுக்கை மண்டியிலேயே, சாக்குகளின் மேல். எலி ஓடிய சாக்கு, ஊசிப்போன சோறு எதற்கும் முகம் சுளித்தவனில்லை நான். அடுத்தவர் எச்சில் மட்டும் ஆகாது. டீயைக்கூட உதடு படாமல் அண்ணாந்துதான் ஊற்றிக்கொள்வேன். தொண்டை வெந்தாலும் சரி.

கன்னம் வீங்கியதும், கூட மூட்டை தூக்குகிற அண்ணன் என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனார். பல் டாக்டர் வாரத்தில் ஒரு நாள்தான் வருவார். அறைக்கதவு திறந்தே இருந்தது. எனக்கு முன்னால் போன சிங்கவரத்துக்காரருக்கு வெற்றிலைக் கறை ஏறிய வாய். டாக்டர் குறடை உள்ளே விட்டு முறுக்கி இழுத்தார். பல்லோடு சிவப்பாகக் கோழை நூல்விட்டுத் தொங்கியது. கம்பவுண்டர் குறடைக் கழுவி, ஸ்டவ்வில் கொதித்த தண்ணீரில் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து அதையே எடுத்தார்.

"அண்ணே, அது அந்தாளு வாய்ல இருந்தது."

"அதான் கொதிக்க வெச்சாங்க இல்ல?"

"கொதிச்சா எச்சி போயிடுமா?"

"நீ இன்னா மண்டி மொதலாளி புள்ளயா? உனக்குன்னு தனியா குறடு அடிச்சித் தருவாங்களா? போடா உள்ள!"

நான் வெளியே ஓடிவிட்டேன்.

அந்த வாரம் கஞ்சிகூட இறங்கவில்லை. வீக்கம் கழுத்துக்கு வந்தது. இப்படித்தான் பல் விஷம் இறங்கி அவலூர்பேட்டையில் ஒருத்தன் செத்தான் என்று மண்டியில் பேசிக்கொண்டார்கள். செத்துப்போவேனோ என்று பயந்தேன். குறடை நினைத்தால் குமட்டியது. பயம் எது, குமட்டல் எது என்று பிரிக்க முடியவில்லை.

டாக்டர் வரும் நாளன்று காலையில் வீக்கம் வாய்க்குள்ளேயே உடைந்தது. வாயை முழுசாகத் திறக்க முடியாததால் சரியாகத் துப்ப வரவில்லை. அந்த நாறும் சீழில் பாதியை விழுங்கினேன். என் வாயைவிடவா அந்தக் குறடு அசுத்தம் என்று தோன்றியதும் ஆஸ்பத்திரிக்கு நடந்தேன்.

குறடு வாய்க்குள் வெதுவெதுப்பாக இருந்தது. அந்த வெதுவெதுப்பு வெந்நீருடையதா, இன்னொரு வாயுடையதா என்று நினைப்பதற்குள் பல் வந்துவிட்டது.

பஞ்சைக் கடித்தபடி வெளியே வந்தேன். அடுத்து உட்கார்ந்திருந்த பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கம்பவுண்டரிடம் கேட்டாள்.

"அய்யே, இந்தாளு வாய்ல வுட்டதயேவா எனக்கும் வுடுவீங்க?"

பஞ்சோடு பேச முடியவில்லை. கொதித்துக்கொண்டிருந்த ஸ்டவ்வைக் கைகாட்டினேன். அவள் அங்கே பார்க்கவே இல்லை. என் வாயையே பார்த்தபடி பெஞ்சின் கோடிக்கு நகர்ந்தாள்.