காவல்காரனுக்கு எதற்குப் பால்?

போன வருடம் மார்கழிக் குளிரில், சூளகிரி பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் தொடங்கியது இது. தோட்டங்களில் கொத்தமல்லி கட்டுவதுதான் என் வேலை. ஐந்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. புது ஆள் முன்னால் பேச்சும் வராது. அந்தக் குளிரில் விரல்கள் வீங்கி, ஒரு நார் முடிச்சுகூடப் போட முடியாமல் போயிற்று. இனி என் கைக்கு வேலையில்லை என்றே நினைத்தேன்.

ஓசூரில் பார்த்த டாக்டரம்மா முடக்குவாதம் என்றார். கம்பெனி கேட்டில் நிற்கிற காவல்காரன் உள்ளே இருப்பவர்களையே அடிப்பதுபோல, என் எதிர்ப்புச் சக்தியே என் மூட்டுகளைத் தாக்குகிறதாம். அதை அடக்க மாத்திரை கொடுத்தார். வாரம் ஒருமுறை பாலில் கலந்து குடிக்க வைட்டமின் டி பொடியும் எழுதினார். மருந்துக்கடைக்காரர், "குடிங்கம்மா, எதிர்ப்புச் சக்தி நல்லா ஏறும்" என்றார்.

எனக்குப் பகீரென்றது. என்னை அடிக்கிறவனுக்கு நானே பால் ஊற்றுவதா? திரும்பப் போய்க் கேட்கக் கூச்சம். மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு, பொடிப் பாக்கெட்டுகளை அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டேன்.

மூன்று மாதத்தில் வீக்கம் கொஞ்சம் வடிந்தது. அசதியும் எலும்பு வலியும் போகவில்லை. ஒருநாள் அரிசி அள்ளிய மருமகள் கையில் பாக்கெட்டுகள் சிக்கின.

"ஏன் அத்தே, மூட்டு வலி உங்களுக்கா, டிரம்முக்கா?"

அடுத்த முறை அவளும் கூட வந்தாள். டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்து, "வைட்டமின் ஏறவே இல்லையே, பொடி குடிச்சீங்களா?" என்றார். மருமகள் பதில் சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். பின்னால் ஐந்தாறு பேர் வரிசையில் நின்றார்கள். ஆனாலும் கேட்டுவிட்டேன்.

"அடிக்கறவனுக்கே பால் ஊத்தச் சொல்றீங்களே, அவன் இன்னும் அடிக்கமாட்டானாம்மா?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"நல்லா கேட்டீங்க. இது அவனுக்கு வெறி ஏத்தற பால் இல்லம்மா. உங்க எலும்புக்கு இது வேணும். அவனுக்கும் கொஞ்சம் நிதானம் வரும். ஆனா அவனை அடக்கறது மாத்திரைதான், அதை விட்டுடாதீங்க."

வரிசையிலிருந்து ஒரு பெண் சொன்னாள்: "நல்லவேளை கேட்டக்கா. என்னுது பீரோவுல கெடக்குது!"

அறையே சிரித்தது. நானும்தான்.

அன்றிலிருந்து இரண்டையும் தவறவிடவில்லை. ஆடி மாதம் தோட்டத்தில் போய் உட்கார்ந்தேன். முதல் கட்டு நெகிழ்ந்தது. இரண்டாவதை இறுக்கிக் கட்டி, எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டினேன்.

இன்றும் முடிச்சுப் போடும்போதெல்லாம், அன்று வரிசைக்கு முன்னால் வெளியே வந்த என் குரல்தான் காதில் கேட்கிறது. அதையும் மருந்துகளோடு சேர்த்தே எண்ணுகிறேன்.