திண்டிவனத்து மச்சு வீடும் என் ஜெபமும்

ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லச் சபையில் இரண்டு முறை எழுந்திருக்கிறேன். இரண்டு முறையும் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். அதில் என் வெட்கமும் கலந்திருப்பதுதான் காரணம். இன்று மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அது 1986 செப்டம்பர். மூன்று வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் விழுப்புரத்தில் நர்ஸ். ஊசி போட வந்த என் முகத்தைப் பார்த்து ஒரு நோயாளி, "உனுக்கு இன்னாம்மா உடம்பு?" என்று என்னைக் கேட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒரு வீடுதான் என்னைத் தின்றுகொண்டிருந்தது.

திண்டிவனத்தில் ஒரு நெல் வியாபாரியின் பாட்டனார் கட்டிய மச்சு வீடு அது. முன்கூடத்தில் எட்டுத் தேக்குத் தூண்கள். பூப்போட்ட தரை. மாடியில் தெருவைப் பார்த்த வராந்தா. வியாபாரி இறந்துவிட்டார். மகன் சென்னைக்குக் குடிபோவதால் விற்கிறார் என்று கேள்விப்பட்டோம். ஒரு லட்சத்து எண்பதாயிரம் கேட்டார். என் நகை, என் கணவர் சாலமோனின் ரயில்வே கடன், எங்கள் ஊரில் அம்மாவின் பெயரில் இருந்த, வேர்க்கடலை போடும் அரை ஏக்கர் மல்லாட்டைக் கொல்லை, மூன்றும் சேர்ந்தால்தான் அந்தத் தொகை வரும். எங்கள் வம்சத்தில் முதன்முதலாக எங்கள் பெயருக்கு வந்த மண் அந்த அரை ஏக்கர்.

"அந்த வெலைக்குப் பெறுமா கிரேஸ்?" என்று சாலமோன் தினமும் கேட்டார். பதில் தெரியாமல் ஊரெல்லாம் விசாரித்தோம். தூண்களை விற்றாலே பாதி விலை தேறும் என்றார் புரோக்கர். சுண்ணாம்புச் சுவர் இன்னும் நூறு வருஷம் நிற்கும் என்றார் ஒருவர். பழைய கட்டடத்துக்கு மதிப்பே கிடையாது, மனைக்கு மட்டும் விலை பேசுங்கள் என்றார் சாலமோனுக்குத் தெரிந்த இன்ஜினியர். கேட்கக் கேட்கக் குழப்பம்தான் கூடியது.

அவர்கள் யாரிடமும் நான் சொல்லாத ஒன்று இருந்தது. என் அம்மா அஞ்சலை அந்த வீட்டில் பன்னிரண்டு வருஷம் மாட்டுக் கொட்டகை பெருக்கியவள். சிறுமியாக நான் பின்வாசலில் நின்றிருக்கிறேன். அந்த நாளில் ஒருமுறைகூட உள்ளே கால் வைத்ததில்லை. அந்த வீட்டின் முன்வாசல் சாவி என் கையில் இருக்க வேண்டும். அதுதான் என் ஆசை. இரண்டு மடங்கு கேட்டிருந்தாலும் தலையாட்டியிருப்பேன். ஆண்டவர் பெயரைச் சொல்லி உபவாசம் இருந்துகொண்டே, உள்ளுக்குள் நான் பழி தீர்த்துக்கொண்டிருந்தேன்.

அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. திங்கட்கிழமை அம்மா கொல்லையை விற்கும் பத்திரத்தில் கைநாட்டு வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலை, டியூட்டிக்குப் போகும் வழியில் கோயிலில் முழங்கால் போட்டேன். வழக்கமாக, "அந்த வீட்டைத் தாரும்" என்று கேட்பேன். அன்று வாய் வரவில்லை. வெகுநேரம் அழுதேன். பிறகு, "எனக்குக் கண் தெரியவில்லை ஆண்டவரே. நீரே பார்த்துச் சொல்லும்" என்று மட்டும் கேட்டேன்.

சனிக்கிழமை, கொல்லையை விற்கும் முன் அம்மாவும் பார்க்கட்டும் என்று அவளையும் அழைத்துக்கொண்டு மூவரும் அந்த வீட்டுக்குப் போனோம். அம்மாவுக்கு வர மனமே இல்லை. வியாபாரியின் மகன் கதவைத் திறந்து, "வாங்க சிஸ்டர், வாங்க சார்" என்றார். பின்னால் நின்றவளைப் பார்த்ததும், "அஞ்சல? நீ எங்க இங்க?" என்றார்.

"என் அம்மா" என்றேன்.

அவர் வாசலிலிருந்து ஒதுங்கி நின்றார். பிறகு அம்மாவிடம், "சரி, உள்ள வா" என்றார்.

அம்மா தூண்களைப் பார்க்கவில்லை. நேராக மேற்கு அறைக்குப் போனாள். வீடு பார்க்கப் போன முதல் நாளே எங்கள் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் என்று நான் நினைத்து வைத்திருந்த அறை அது. உத்தரம் சுவரில் இறங்கும் இடத்தை அண்ணாந்து பார்த்தபடி கேட்டாள்: "பெரிய முதலாளி இருக்க சொல்லோ இங்க மச்சு சரிஞ்சுதே. அந்த மரத்த மாத்திட்டீங்களா?"

"அதெல்லாம் அப்பவே சரி பண்ணியாச்சு."

"நாந்தான நாலு நாளு மண்ணு வாரிக் கொட்டினேன். அடியில முட்டுக் குடுத்து மேல பூசினாங்க. மரத்த மாத்துல."

அந்த நாலு நாள் மட்டும் அம்மாவை வீட்டுக்குள் விட்டிருக்கிறார்கள். எனக்கு அது அன்றுதான் தெரியும்.

சாலமோன் அடுத்த தெருவிலிருந்து ஒரு கொத்தனாரைக் கூட்டி வந்தார். "பூச்ச ஒடைக்கவா வந்தீங்க?" என்று மகன் கோபப்பட்டார். "நல்லா இருந்தா நாங்களே பூசித் தந்துடறோங்க" என்றார் சாலமோன். உளி நாலு தட்டுத் தட்டியதும் காரை பெயர்ந்தது. உள்ளே மரம் இல்லை. கரையான் மண்தான் இருந்தது. கொத்தனாரின் விரல் முழுசாக உள்ளே போயிற்று. "இதுக்குக் கீழ புள்ளைங்களப் படுக்க வெக்காதீங்கம்மா. ஒரு நல்ல மழ போதும்" என்றார் அவர்.

மகன் உடனே முப்பதாயிரம் குறைப்பதாகச் சொன்னார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்போதும் எனக்குச் சரி என்று சொல்லத் தோன்றியது. சாலமோன்தான் என் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தார்.

பஸ்ஸில் அம்மாவிடம், "ஏம்மா முன்னாடியே சொல்லல?" என்று கேட்டேன்.

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நீ அவ்ளோ ஆசையா பேசிக்கினு இருந்த. சாணி அள்ளினவளுக்கு வீட்டப் பத்தி இன்னா தெரியும்னு நீ நெனைச்சிடுவியோன்னு பயந்துக்கினு இருந்தேன்."

"அப்படி நினைப்பேனா?" என்று கேட்க வாய் எடுத்தேன். கேட்கவில்லை. நான் நினைத்திருப்பேன். இன்ஜினியரைக் கேட்டேன், புரோக்கரைக் கேட்டேன். அம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. விழுப்புரம் வரும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

கொடுத்த அட்வான்ஸில் பாதிதான் திரும்பி வந்தது. கொல்லையை விற்கவில்லை. அந்த வீட்டை ஒரு மளிகைக் கடைக்காரர் வாங்கினார். மேற்குப் பக்கம் முழுவதையும் இடித்துக் கட்ட வேண்டியதாயிற்று என்று கேள்விப்பட்டேன். எங்களுக்கு ஆண்டவர் விழுப்புரத்திலேயே இரண்டு அறை வீடு ஒன்றைக் கட்டக் கிருபை செய்தார். சுவர் எழும்பும்போது தினமும் அம்மாதான் போய்ப் பார்த்தாள். அவள் சரி என்று சொன்ன பிறகே கூரை போட்டோம்.

திண்டிவனம் போனால் அந்தத் தெருவை இன்றும் ஒரு முறை எட்டிப் பார்க்கிறேன். அந்த ஆசை முழுவதுமாகப் போய்விட்டது என்று சொன்னால் பொய். அதற்காகவும் ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்.

இதை வாசிக்கிறவர்களே, வழி தெரியாமல் நிற்கிறீர்களா? என்னைப்போல் ஆண்டவரிடம் தைரியமாகக் கேளுங்கள். அவர் பதில் சொல்வார். ஆனால் அது யார் வாயிலிருந்து வர வேண்டும் என்பதை அவருக்கே விட்டுவிடுங்கள்.